பூச்சாண்டி புராணம்

"அரிசியை அள்ளி வாயில் போடாதே! போட்டால் உன் கலியாணத்தன்று மழை கொட்டும்!"

இந்த எச்சரிக்கையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தைகள் சிலரே. முறத்திலே புடைத்து வைத்த அரிசி, முற்றத்திலே பாட்டி, பாட்டி அப்புறம் திரும்ப, இப்புறம் ஒரு சிறு கை நீள்கிறது. உடனே தீர்ப்பு! மழை! அதுவும் இன்றல்ல, நாளையல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஊரும் தெரியாத, பேரும் தெரியாத ஒருவரோடு நடக்கப்போகும் மணநாளிலே, பந்தலைப் பிய்த்துக்கொண்டு பெய்யப்போகும் மழை!

எத்துணைப் பெரிய கண்டுபிடிப்பு! நாளை மறுநாள் பெய்யும் மழையை அறிவிக்கவே வானிலை ஆய்வாளர் செயற்கைக்கோள் விட்டு, கணிப்பொறி வைத்து, கண் துஞ்சாது உழைக்கின்றனர். நம் பாட்டியோ, ஒரு பிடி அரிசியைக் கொண்டு பதினைந்தாண்டுக்குப் பின் வரும் மழையைப் பகர்ந்துவிடுகிறாள். இது மெய்யானால் நாட்டிலே வறட்சி ஏன்? ஏரிகள் காய்வானேன்? ஆற்று நீருக்காக நீதிமன்றப் படி ஏறுவானேன்? வறண்ட மாவட்டந்தோறும் நூறு இளைஞர்களைத் திரட்டி, ஆளுக்கொரு படி அரிசியைத் தின்னச் செய்து, ஒரே நாளில் மணம் முடித்துவிட்டால் போதுமே! அணை நிரம்பாதா? ஐப்பசியில் மணம் வைத்தால் அரிசியைத் தொடாதவன் பந்தலும் நனைகிறது. பங்குனியில் வைத்தால் மூட்டை அரிசியை மென்றவன் பந்தலும் காய்கிறது. இதைப் பாட்டியும் தன் கண்ணால் கண்டவள்தான். எனினும் விதி மாறவில்லை, காரணமும் மாறவில்லை.

சிரிக்கிறோம். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால், நண்பர்களே, சிரித்து முடித்தபின் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று இதனுள் ஒளிந்திருக்கிறது. அதை எனக்குக் கற்பித்தவள் என் வகுப்பு மாணவி ஒருத்தி.

நான் பள்ளி ஆசிரியன். எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்துபவன். "வரலாறு அரண்மனையிலே மட்டும் இல்லை, உங்கள் வீட்டுத் திண்ணையிலும் குந்தியிருக்கிறது" என்று ஒரு நாள் வகுப்பிலே கூறினேன். கூறியதோடு நில்லாமல் ஒரு வேலையும் கொடுத்தேன். வீட்டிலே பெரியவர்கள் இடும் கட்டளை ஒன்று. அதற்கு அவர்கள் கூறும் காரணம் ஒன்று. உங்கள் உள்ளத்திற்குப் படும் காரணம் ஒன்று. இம்மூன்றையும் எழுதி வாருங்கள் என்றேன்.

எழுதி வந்தனர். என்ன எழுத்து! என்ன கற்பனை!

விளக்கு வைத்தபின் நகம் வெட்டாதே, வெட்டினால் இலட்சுமி வெளியேறிவிடுவாள் என்பது வீட்டார் காரணம். மாணவன் எழுதிய காரணம்: "வெட்டிய நகம் பறந்துபோய் வானத்தில் ஒட்டிக்கொள்கிறது. மூன்றாம் பிறை அப்படி வந்ததுதான். இன்னும் வெட்டினால் வானத்தில் இடம் போதாது."

வாசற்படியில் உட்காராதே, அங்கேதான் இரணியன் குடலை நரசிம்மர் உருவினார் என்பது வீட்டார் காரணம். மாணவி எழுதினாள்: "நான் உட்கார்ந்தால் பாட்டி வெளியே போக வழியில்லை. பாட்டி போகாவிட்டால் பக்கத்து வீட்டுச் செய்தி எங்கள் வீட்டுக்கு வராது."

உட்கார்ந்தபடி காலை ஆட்டாதே, குடும்பத்துக்கு ஆகாது. மாணவன் கருத்து: "அப்பா எப்போதும் ஆட்டுகிறார். கடன் வந்தது அதனால்தான். நானும் ஆட்டினால் வட்டியும் ஏறும்."

இலந்தைக் கொட்டையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும். "முளைத்தால் நல்லதுதான். பள்ளி வாசலில் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஆனால் இலந்தையில் முள் உண்டு. அதுதான் பயம்."

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். "எங்கள் தெருவில் எல்லாருக்கும் இரண்டு கண்ணும் இருக்கின்றன. ஆகையால் சாமி இன்னும் எங்கள் தெருவுக்கு வரவில்லை."

இந்தக் கடைசி விடையை எழுதிய சிறுவனுக்குப் பன்னிரண்டு வயது. கருணைக் கடல் என்று புகழும் அதே வாய், கண்ணைக் குத்தும் என்றும் கூறுகிறதே, இரண்டில் எது மெய் என்று நாம் மேடையேறி மூன்று மணி நேரம் முழங்குவதை, மூன்று வரியிலே முடித்துவிட்டான்!

இறுதியாக ஒரு தாள். பின்வரிசையில் அமர்ந்து அதிகம் பேசாத ஒரு பெண் எழுதியது. "அரிசி தின்றால் கலியாணத்தன்று மழை வரும் என்கிறார்கள். மழை வந்தால் பள்ளிக்கு விடுமுறை விடுகிறார்கள். கலியாணத்துக்கும் விடுமுறை விட்டால் நல்லது. அதனால் நான் தினமும் தின்கிறேன்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகப் பின்னர் வெட்கப்பட்டேன். ஏன் என்பதைக் கூறுமுன், பூச்சாண்டியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பூச்சாண்டி நம் நாட்டுக்கு மட்டும் உரியவன் அல்லன். நாடுதோறும் அவனுக்கு ஒரு வேடம். காலந்தோறும் ஒரு பெயர். சில இடங்களிலே வரலாற்று மாந்தரே பூச்சாண்டி ஆக்கப்பட்டனர்.

1189 முதல் 1192 வரை நடந்த மூன்றாம் சிலுவைப் போரிலே இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டு வாளேந்தி நின்றான். 'சிங்க நெஞ்சன்' என்று அவன் நாட்டார் பாடினர். அழும் குழந்தையை அடக்க அரபு நாட்டுத் தாய்மார் அவன் பெயரைக் கூறி அச்சுறுத்தினர் என்று, நூறாண்டுக்குப் பின் எழுதிய பிரெஞ்சு வரலாற்றாளர் ழாவன்வீல் குறித்திருக்கிறார். ஒரு நாட்டுக்குச் சிங்க நெஞ்சன். மறு நாட்டுத் தொட்டிலுக்குப் பூச்சாண்டி!

வங்காளத்தைப் பாருங்கள். 1742 முதல் 1751 வரை, அலிவர்தி கான் நவாபாக இருந்த நாளிலே, மராட்டியக் குதிரைப் படையினர் ஆண்டுதோறும் புகுந்து சூறையாடினர். 'பர்கி' என்று அவர்களுக்குப் பெயர். ஊர் எரிந்தது, நெல் போயிற்று, வரி கட்ட வழியின்றி உழவன் விழித்தான். 1751-இல் உடன்படிக்கை ஏற்பட்டுக் குதிரைகள் திரும்பின. ஆனால் பர்கி திரும்பவில்லை. தாலாட்டுக்குள் புகுந்து தங்கிவிட்டான். வங்கத் தாய் இன்றும் அவன் பெயரைச் சொல்லிக் குழந்தையை உறங்க வைக்கிறாள். ஏட்டிலே எழுதப்படாத ஏழை மக்களின் துயரத்தைத் தொட்டில் காத்து வைத்திருக்கிறது.

எல்லாரினும் பெரிய பூச்சாண்டி நெப்போலியன். ஐரோப்பாவை நடுங்க வைத்த அவன், இங்கிலாந்திலே குழந்தைகளை உறங்க வைக்கவும் பயன்பட்டான்! 'போனி வருகிறான்' என்றால் வாய் மூட வேண்டியதுதான். பெட்சி பால்கம் என்ற ஆங்கிலச் சிறுமியின் உள்ளத்திலும் இந்த உருவமே பதிந்திருந்தது. நெற்றியிலே நெருப்பென ஒற்றைக் கண். வாய்க்கு வெளியே நீண்ட பல். சிறுமிகளைக் கிழித்துத் தின்னும் அரக்கன். அதிலும் பாடம் படிக்காத சிறுமிகள் என்றால் அவனுக்குத் தனிச் சுவை! 1844-இல் வெளியிட்ட தம் நினைவு நூலிலே அந்த அம்மையாரே இதைக் கூறியிருக்கிறார்.

என்ன நடந்தது தெரியுமா? 1815-இல் தோற்ற நெப்போலியனைச் செயிண்ட் எலினாத் தீவுக்குக் கொண்டுவந்தனர். அவனுக்கென ஒதுக்கிய மாளிகை ஆயத்தமாகவில்லை. ஆகவே இரண்டு மாதம் தங்க வைத்தது பால்கம் வீட்டுத் தோட்டத்து மாடத்திலே! பதின்மூன்று வயதுப் பெட்சி நடுக்கத்தோடு எதிரே போய் நின்றாள். அரக்கன் அவளைத் தின்றானா? இல்லை. பிரான்சின் தலைநகரம் எது, உருசியாவின் தலைநகரம் எது என்று கேட்டான்! பாடம் தெரியாத பெண்களைத் தின்பவன் என்று யாரைச் சொன்னார்களோ, அவனே அமர்ந்து பாடம் கேட்டான். நெற்றியிலே கண் இல்லை. முகத்திலே இரண்டு கண், அவற்றிலே புன்னகை. சில நாளிலே இருவரும் கண்கட்டி விளையாடத் தொடங்கிவிட்டனர்.

நெப்போலியன் நல்லவன் என்று வாதிட நான் வரவில்லை. அவன் நடத்திய போர்களிலே மாண்டவர் இலட்சக்கணக்கினர். அஞ்சத் தகுந்த உண்மைக் காரணங்கள் அத்தனை இருந்தும், அவற்றை மறைத்துவிட்டு ஒற்றைக் கண்ணைக் கொடுத்தனர். ஒற்றைக் கண் இல்லை என்று கண்டவுடன் அச்சமும் போயிற்று, ஆராய்ச்சியும் போயிற்று! பொய்க் காரணம் செய்யும் பெருங்கேடு இதுதான். அது மெய்க் காரணத்தின் இருக்கையிலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

கற்றவர் இதிலிருந்து தப்பினரா? இல்லை. செருமானிய நாட்டிலே, பிராங்பர்ட்டு நகரிலே, ஐன்ரிக் ஒப்மன் என்ற மருத்துவர் இருந்தார். 1844-ஆம் ஆண்டு, மூன்று வயது மகனுக்குப் பரிசளிக்க நல்ல படப்புத்தகம் கிடைக்கவில்லை என்று, வெற்றுக் குறிப்பேடு ஒன்றை வாங்கித் தாமே எழுதிப் படமும் வரைந்தார். மறு ஆண்டு அச்சேறி உலகெங்கும் பரவிற்று அந்நூல். அதிலே கட்டைவிரல் சூப்பும் ஒரு சிறுவன். தாய் வெளியே போன நேரம் பார்த்துப் பெரிய கத்தரிக்கோலோடு பாய்ந்து வருகிறான் ஒரு தையற்காரன். வெட்டிப்போடுகிறான் இரண்டு கட்டைவிரலையும்! கஞ்சி குடிக்க மறுத்த மற்றொரு சிறுவன் ஐந்தாம் நாளே கல்லறை ஏறுகிறான். எழுதியவர் மந்திரவாதி அல்லர், மருத்துவர்! மிகைப்படுத்தி வேடிக்கை செய்தார் என்பாரும் உண்டு. படித்த குழந்தை கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதா இல்லையா என்பதே என் வினா.

ஜப்பானிலே இடி இடித்தால் குழந்தைகள் தொப்புளை மூடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் இடித் தேவன் எடுத்துப் போய்விடுவானாம். உண்டவுடன் படுத்தால் மாடாகிவிடுவார்களாம். இரவிலே நகம் வெட்டினால் பெற்றோர் இறக்கும்போது அருகிலிருக்க முடியாதாம். இரவிலே சீழ்க்கை அடித்தால்? பாம்பு வருமாம்! நம் ஊர்ப் பாம்புக்கும் ஜப்பானியப் பாம்புக்கும் யார் தூது போனார்களோ தெரியவில்லை. பாம்புக்குப் புறச்செவி கிடையாது. தரையின் அதிர்வையும் தாழ்ந்த ஒலியையுமே அது நன்கு உணரும். சீழ்க்கையோ உயர்ந்த ஒலி. ஆனால் உறங்க முயலும் தாத்தாவுக்கு அது நன்றாகவே கேட்கும்! 'எனக்கு உறக்கம் கெடுகிறது' என்று தாத்தா தம் பெயரால் கேட்டிருக்கலாம். கேட்டால் பேரன் மறுத்துப் பேசக்கூடும். ஆகவே பாம்பின் பெயரால் ஆணை பிறக்கிறது.

பாட்டி, தாத்தா மட்டுமா இப்படி? அரசாங்கமே பாட்டி வேடம் பூண்ட காலமும் உண்டு. 1940 நவம்பர் திங்களில் ஜான் கன்னிங்காம் என்ற ஆங்கிலேய வானோட்டி, கும்மிருட்டிலே செருமானிய வானூர்தியை வீழ்த்தினார். உண்மைக் காரணம், அவரது வானூர்தியில் பொருத்தியிருந்த ரேடார் கருவி. போர்க்காலத்தில் அதை வெளியே சொல்ல முடியுமா? 'கேரட் தின்கிறார், இருட்டிலே கண் தெரிகிறது' என்ற கதை பரப்பப்பட்டது. உணவு அமைச்சகத்துக்கும் இக்கதை இனித்தது; சர்க்கரையும் இறைச்சியும் பங்கீட்டில், கேரட் மட்டும் ஏராளம்! கேரட்டுக்குக் கண்ணும் காலும் வரைந்து 'டாக்டர்' பட்டமும் கொடுத்தனர். பகைவன் ஏமாந்தானோ இல்லையோ, குழந்தைகள் தின்றனர். அதனுள் ஒரு துளி உண்மை உண்டு: வைட்டமின் 'ஏ' குறைந்தால் மாலைக்கண் வரும், கேரட்டும் முருங்கைக் கீரையும் அக்குறையைப் போக்கும். இருக்கும் குறையைப் போக்குமேயன்றி, ஆந்தையின் கண்ணை அளிக்காது.

இவையெல்லாம் பழங்கதை என்று இருந்துவிடாதீர்கள். புராணத்துக்கு இப்போது புது மெருகு ஏறியிருக்கிறது. 'முன்னோர் முட்டாள்கள் அல்லர்' என்று தொடங்கிக் கைப்பேசி வழியே நாள்தோறும் வரும் செய்திகளைப் படித்திருப்பீர்கள். வடக்கே தலைவைத்துப் படுக்காதே என்று பாட்டி கூறுவாள். அவள் கூறிய காரணம், வடக்கே தலைவைத்துப் படுத்த யானையின் தலையைத்தான் வெட்டிப் பிள்ளையாருக்கு வைத்தார்கள் என்பது. பேரன் பட்டதாரி. யானையைச் சொல்ல அவனுக்கு நாணம். ஆகவே, 'இரத்தத்தில் இரும்பு இருக்கிறது. வடதுருவக் காந்தம் அதை இழுத்து மூளையைக் கெடுக்கும்' என்கிறான். யானை போயிற்று, காந்தம் வந்தது. பொய் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது! குருதியில் உள்ள இரும்பு, ஆணியைப்போல் காந்தத்திடம் ஓடும் இரும்பன்று. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுப்பவரைச் சூழும் காந்தம், புவியின் காந்தத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியது. அதனுள் படுத்தவர் எழுந்து நடந்துதான் வீடு திரும்புகிறார்.

நம்மையும் சற்றுச் சோதித்துக்கொள்வோம், தோழர்களே! 'மின்விளக்கு இல்லாத காலம், மங்கிய ஒளியில் நகம் வெட்டினால் விரல் அறுபடும், அதனால்தான் அந்த விதி' என்று நாமும் மேடையிலே விளக்கம் கொடுக்கிறோம். இருக்கலாம். ஆனால் அதைக் கண்டவர் யார்? அது நம் ஊகம். ஊகத்தை ஊகம் என்று கூறுவதுதான் பகுத்தறிவு. பொருத்தமாகத் தோன்றுகிறது என்பதற்காகவே ஒன்றை உண்மை என முடிசூட்டினால், அந்தக் காந்தக்காரப் பேரனுக்கும் நமக்கும் வேறுபாடு என்ன?

இனி அந்தப் பெண்ணிடம் வருகிறேன்.

இரண்டு வாரம் கழித்து, காலை வழிபாட்டுக் கூட்டத்திலே அவள் மயங்கி விழுந்தாள். வெயில் என்றார் ஒருவர். காலையில் உண்ணாமல் வந்திருப்பாள் என்றார் மற்றொருவர். செவிலியர் வந்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. நகத்தைப் பார்த்தார், வெளுத்திருந்தது. பிறகு அவர் கேட்ட முதல் வினா என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "மண், சாம்பல், பச்சை அரிசி ஏதாவது தின்கிறாயா?"

அந்தத் தாள் என் மேசையிலே இருந்தது! 'தினமும் தின்கிறேன்' என்று அவளே எழிதியிருந்தாள் அல்லவா? எழுதிக் கொடுத்தாள், நான் படித்தேன், சிரித்தேன்.

இரும்புச் சத்துக் குறைந்த உடல், மண்ணையும் அரிசியையும் பனிக்கட்டியையும் நாடுவது உண்டு என்பது மருத்துவ நூல்கள் கூறும் செய்தி. அரிசி தின்பது அவள் குறும்பன்று. அவள் உடல் எழுதிய விண்ணப்பம். ஆரம்பச் சுகாதார நிலையத்திலே குருதியைச் சோதித்தனர். 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின், 8 இருந்தது. அவள் ஒருத்தி மட்டுமா? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்த நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களிலே நூற்றுக்கு 59 பேர் குருதிச் சோகை உடையவர்கள்!

பள்ளியிலே வாரந்தோறும் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறோமே, அவள் விழுங்கவில்லையா? இல்லை. பாவாடைப் பையிலே போட்டு, வழியிலே எறிந்திருக்கிறாள். ஏன்? அதற்கும் ஒரு காரணம் கூறியிருந்தார்கள்: "மாத்திரை தின்றால் உடம்பு கறுத்துவிடும், பிறகு யார் கட்டிக்கொள்வார்கள்?" அந்த மாத்திரையால் மலம்தான் கறுக்கும், உடம்பு கறுக்காது. ஒரு வரியிலே கூறக்கூடிய உண்மை. கூறுவதற்கு நாணி நாங்கள் எவரும் கூறவில்லை. காலியாக இருந்த இடத்திலே பொய் குடியேறிற்று.

அரிசி தின்னாதே, ஏனெனில் கலியாணம். மாத்திரை தின்னாதே, ஏனெனில் கலியாணம். பெண் குழந்தைக்குக் கூறும் காரணமெல்லாம் அந்த ஒரே பந்தலிலே போய் முடிவதைப் பாருங்கள்! அவளுக்கென்று ஓர் உடல் உண்டு, அது இன்று களைத்திருக்கிறது என்று கூற எவருக்கும் வாய் வரவில்லை. இரத்தத்திலே உள்ள இரும்பை வடக்கு இழுத்துவிடும் என்று கட்டிலைத் திருப்பிப் போடும் நாட்டிலே, இரத்தத்தில் இரும்பே இல்லாமல் ஒரு பெண் மயங்கி விழுகிறாள்!

பாட்டி கொடியவள் அல்லள். அவளுக்கும் அவள் பாட்டி இதைத்தான் கூறினாள். கேட்ட வினாவுக்கு விடை கிடைக்காமலே மூத்துப்போன குழந்தைதான் அவள். ஆனால் நாம் படித்தவர்கள். குழந்தை 'ஏன்' என்று கேட்டால் நமக்கு இரண்டு வழிகள் உண்டு. தெரிந்தால் உண்மையைக் கூறலாம். தெரியாவிட்டால் 'தெரியவில்லை, வா, சேர்ந்து பார்ப்போம்' எனலாம். மூன்றாவதாகப் பூச்சாண்டியை அழைத்தால், குழந்தை இரண்டில் ஒன்றாக ஆகும். பொய்யைக் கண்டுபிடித்து, நாம் கூறும் மெய்யையும் எறிந்துவிடும். அல்லது கண்டுபிடிக்காமலே வளர்ந்து, எவர் எந்தப் பூச்சாண்டியைக் காட்டினாலும் அஞ்சி நடுங்கும் குடிமகனாகும். தொட்டிலில் பழகிய அச்சம் வாக்குச் சாவடி வரை உடன் வருகிறது.

மூன்று மாதம் சென்றது. கீரையும் கடலையும் மாத்திரையும் உள்ளே போயின. மறு சோதனையிலே 10-ஐத் தாண்டிற்று. ஒரு நாள் வகுப்பு முடிந்தபின் அவள் என் மேசையருகே வந்து நின்றாள்.

"சார், இப்போது அரிசி தின்னத் தோன்றுவதே இல்லை."

"மிக நல்லது, அம்மா."

"ஆனால் சார், கலியாணத்துக்கு விடுமுறை விட வேறு வழி இருக்கிறதா?"

இம்முறை நான் சிரிக்கவில்லை. மறுநாள் வகுப்பிலே வரலாற்றுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தைப் பாடமாக எடுத்தேன். பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகுமுன் மணம் முடிப்பது குற்றம் என்பதைக் கரும்பலகையில் எழுதினேன். 'ஏன் சார் பதினெட்டு?' என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

அந்த 'ஏன்' என்ற குரலுக்கு, மணி அடிக்கும் வரை, காரணம் கூறிக்கொண்டிருந்தேன்.